கரைசேர்ந்த டயர்கள்

டயருக்குள் தண்ணீர் நிற்கும் என்பது ஓரெஸ்ட் டூபிக் அறியாத விஷயமல்ல. பாதி ஆயுளைப் பழைய டயர் ஏற்றும் லாரி ஓட்டிக் கழித்தவர். எந்த டயரை எந்தப் பக்கம் சாய்த்தால் எத்தனை எலி மிதந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். அப்பேர்ப்பட்டவர்தான், வெஸ்னா ஊரின் ஹாக்கி அரங்கத்து முற்றத்தில், வட்டார டயர் வாரியத்தார் ஊருக்கே வந்து பழைய டயர்களை வாங்கிக்கொள்ளும் நாளில், வடிக்காமல் கொள்ளாமல் ஏற்றிவந்த சுமையோடு இழுவண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு முன்பக்கத்தைத் தூக்கினார்.

டயர் ஒன்றும் உருளவில்லை. தண்ணீர்தான் முதலில் வந்தது. போன குளிர்காலத்துப் பனி, இந்த வருஷம் பெய்தேன் என்று பேர்பண்ணிவிட்டுப் போன மழை, அடியில் ஊறியிருந்த கறுப்புச் சாறு எல்லாம் சேர்ந்து மடை திறந்த மாதிரி இறங்கின. வாரியத்திலிருந்து வந்திருந்த பெட்டினா ஃப்ரீசன் என்ற அதிகாரியின் வெளிர்நிறக் கோட்டை இடுப்புவரை நனைத்தன. அங்கிருந்து தெறித்து மாதர் சங்கத்தார் போட்டிருந்த சாப்பாட்டு மேசைவரை போயின. மேசையில் ஓரெஸ்ட்டின் மனைவி ஸ்டெஃபா இரண்டு நாள் உட்கார்ந்து, கோஸ் இலைக்குள் சோறு வைத்துச் சுற்றிய சுருள்கள் இருந்தன. இனி அவை நாய்க்குத்தான்.

இதோடு நின்றிருந்தால்கூடத் தப்பித்திருக்கலாம். மழைத் தண்ணீர், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டை எடுத்துக் கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் ஓரெஸ்ட்டுக்கு வாய் சும்மா இருக்காது. யாராவது சங்கடப்பட்டு நின்றால் ஒரு வேடிக்கை சொல்லிச் சிரிக்கவைத்தே ஆக வேண்டும். சின்ன வயதிலிருந்து பிடித்த வியாதி.

"பயந்துடாதீங்கம்மா, விஷம் இல்ல. எங்க மாடுங்க தினம் குடிக்கிற சூப்புதான்," என்றார்.

கூட்டம் சிரித்தது. ஃப்ரீசன் சிரிக்கவில்லை. கோட்டின் நுனியை எடுத்து மோந்து பார்த்தாள். புளிப்பும் சாராயமும் கலந்த அந்த வாடையை மாடு வளர்க்கிற ஊரில் பிறந்த எவரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். பார்லிப் பயிரைப் பச்சையாகவே நறுக்கிக் குழியில் அடைத்து மிதித்து, மேலே பிளாஸ்டிக் விரித்து, காற்றுப் புகாமல் ஊறவிடும் மாட்டுத்தீவனம். சைலேஜ். அந்தப் பிளாஸ்டிக் பறக்காமல் இருக்க மேலே பாரமாக அடுக்குவது பழைய டயர்கள்.

"இது சைலேஜ் குழிமேல கெடந்த டயரா?" என்று கேட்டாள்.

"குழிமேல கெடந்ததுதான். இப்ப வண்டிமேல கெடக்குது. கொஞ்ச நேரத்துல உங்க வண்டிமேல கெடக்கும்."

"இத எடுத்துக்கிறதுல சின்னதா ஒரு சிக்கல் இருக்குதுங்க, மிஸ்டர் டூபிக்."

"என்ன சிக்கல்? வட்டமா இல்லையா?"

"இது ஏற்கெனவே மறுசுழற்சி ஆயிடுச்சுங்க."

ஓரெஸ்ட் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். டயர் டயராகத்தான் கிடந்தது. பக்கச் சுவர் வெடித்து, உள்ளிருந்த எஃகுக் கம்பிகள் நரைத்த மீசை மாதிரி துருத்திக்கொண்டு நின்றன.

"எது?"

"இந்த டயருங்கதான். அந்தக் காலத்துல பண்ணைக்குக் குடுத்தப்பவே மறுபயன்பாடுன்னு பதிஞ்சாச்சு. எங்களப் பொறுத்தவரைக்கும் இதுங்க கரைசேந்துடுச்சு. ஒரே டயர ரெண்டு தடவ கரையேத்த முடியாதுங்க."

பேச்சு முழுக்க மெதுவாக, மரியாதையாக, குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பதத்தில் இருந்தது. ஓரெஸ்ட்டின் தலையில் இருந்த தொப்பியில் டயர் வாரியத்தின் பச்சை முத்திரை. அவர் வண்டி ஓட்டிய காலத்தில் வாரியமே கொடுத்தது. அன்றைக்கு வாரியம் புதுசு. கடைகளில் குவிந்த டயரை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று விழித்துக்கொண்டிருந்தார்கள். சைலேஜ் குழி வைத்திருக்கும் பண்ணைகளுக்குக் கொண்டுபோய் இறக்குங்கள், அதுவும் மறுபயன்பாடுதான் என்று அவர்களே வழி சொன்னார்கள். விவசாயிகளும் எனக்கு உனக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஓரெஸ்ட் ஊர்முழுக்க இறக்கினார்; தன் குழிக்கும் இறக்கிக்கொண்டார். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை, ஊரே பார்த்ததுதான். புது டயர் வாங்கும்போதெல்லாம் கடைசியில் அதை ஒழிப்பதற்கென்று ஒரு கட்டணத்தை ஊரே கட்டியும் வருகிறது.

"சரிம்மா. எடுப்பீங்களா, மாட்டீங்களா? அதச் சொல்லுங்க."

"மேல கேட்டுச் சொல்றேங்க. அதுவரைக்கும் எல்லாத்தையும் பழையபடி குழிமேலயே வச்சிருங்க. எறக்கி வேற எடத்துல குவிச்சீங்கன்னா பயன்பாட்டுல இல்லாத டயர்னு ஆயிடும். அப்புறம் அது குப்பைக் குவியல். அதுக்கு வேற சட்டம்."

பின்னால் வரிசையில் நின்றிருந்த எல்மர், டிராக்டர் கதவில் சாய்ந்துகொண்டு கத்தினான். "என்ன ஓரெஸ்ட்டு, டயரு பரிட்சையில பெயிலா?"

"இல்லடா, டிஸ்டிங்ஷன்ல பாஸாம். அதான் சேத்துக்க மாட்டேங்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எல்மர் வீட்டுக் குழிமேலும் அதே டயர்கள்தான். அவன் கொண்டுவந்திருந்தது டிராக்டர் டயர், வாசனை இல்லாதது. அதனால் சிரிப்புக் கூடுதலாக வந்தது. ஸ்டெஃபா மட்டும் கோஸ் சுருள் தட்டைக் கையில் ஏந்தியபடி புருஷனைப் பார்த்தாள்.

"வாயத் தொறக்காம இருந்திருந்தா மழத்தண்ணின்னே போயிருக்கும். சூப்பாம், சூப்பு."

வீட்டுக்குப் போகும் வழி முழுக்க அவள் அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பண்ணை இப்போது மகள் லேஸ்யா கையில். மாட்டை நம்பி வயிறு வளர்க்க முடியாது என்று ஓரெஸ்ட் டயர் வண்டிக்குப் போனார். மாட்டை விட்டால் தனக்கு வேறெதுவும் பிடிக்காது என்று மகள் திரும்பி வந்தாள். அவள் புருஷன் கர்ட்டிஸுக்கு உர உப்பு வெட்டும் சுரங்கத்தில் வேலை. ஒரு வாரம் பூமிக்கு அடியில், ஒரு வாரம் தூக்கத்தில். மாடுகள் முழுக்க அவள் பாடு.

இழுவண்டி போனபடியே திரும்பி வருவதை அவள் கொட்டில் வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

"ஏம்ப்பா திரும்பி வருது?"

"நம்மள விட்டுப் பிரிய மனசு வரலயாம்."

அவள் சிரிக்கவில்லை. ஓரெஸ்ட் நடந்ததைச் சொன்னார். தண்ணீர் கொட்டியதைச் சொன்னார். சூப்பு என்று சொன்னதையும், விட்டுவிடலாமா என்று பார்த்து, பிறகு சொன்னார். லேஸ்யா கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"அப்ப இப்ப என்ன பண்ணணுமாம்?"

"திருப்பி மேல ஏத்தணுமாம். மேல கேட்டுச் சொல்றாங்களாம்."

"இன்னும் ஒண்ணு தீனி திங்காம நிக்குதுப்பா. வந்து பாரு."

கொட்டிலுக்குள் ஒரு செவலைப் பசு முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளியே தள்ளி, நகர்ந்தால் வலிக்கும் என்று தெரிந்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. முன்னால் போட்ட தீவனம் அப்படியே கிடந்தது. லேஸ்யா அதன் பிடரிக்குப் பின்னால் தோலைப் பிடித்து அழுத்தினாள். நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும். இது தாழ்த்தவில்லை, அடித்தொண்டையில் முனகியது.

மாடு மென்று தின்கிற பிராணி என்பது பார்க்கிறவர்கள் சொல்வது. அது முதலில் விழுங்கும், பிறகுதான் சாவகாசமாக மெல்லும். நாக்கில் பட்டது தழையா கம்பியா என்று பார்ப்பதில்லை. விழுங்கிய கம்பி இரண்டாம் வயிற்றில் போய் உட்காரும். அங்கிருந்து இதயத்துக்கு ஒரு கையகலம்கூட இல்லை. கோடையில் ஒரு மாடு செத்தபோது மருத்துவர் அறுத்துப் பார்த்துவிட்டு, விரல் நீளத்தில் ஒரு கம்பியை எடுத்து லேஸ்யாவின் உள்ளங்கையில் வைத்தார். டயர்க் கம்பி. குழியைத் திறக்கும்போதெல்லாம் முன்வரிசை டயர்களைத் தூக்கி ஓரமாக எறிகிறார்கள். எறியும்போதெல்லாம் துருப்பிடித்த பக்கச் சுவர் உதிர்கிறது. உதிர்ந்தது தீவனத்தோடு போகிறது. இந்த வருஷம் வறட்சி வேறு. ஜூலையிலேயே மேய்ச்சல் காய்ந்து, வைக்கோல் விற்பவன் ராஜா ஆகிவிட்டான். குழியை விட்டால் வேறு தீவனமும் கிடையாது.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளு," என்றாள் லேஸ்யா. "டயர எடுத்துட்டுப் போறாங்கன்னா மாட்ட வச்சுக்கறேன். மேலாப்புல இருக்கற தீவனத்த ஒரு முழத்துக்கு வழிச்சு எறிஞ்சுட்டு, சரளை மூட்டையப் போட்டு மூடிக்கலாம். போவாதுன்னா மாசக் கடைசியில சினைமாட்டுச் சந்தை வருது. அத்தனையையும் ஏத்தி விட்டுடறேன். ரெண்டுல எதுவானாலும் சரி. எனக்கு வேண்டியது ஒரு வார்த்த. எடுக்கறோம், இல்ல எடுக்கல."

"பேசாம நம்மளே எறக்கிப் பின்னால தோப்புக்குள்ள தள்ளிட்டா என்ன?"

"காப்பீட்டுக்காரன் வசந்தத்துலயே வந்து படம் புடிச்சுட்டுப் போயிருக்கான். குழிமேல இருந்தா சரி, கீழ குவிச்சா தீ ஆபத்து, அன்னையோட காப்பீடு ரத்துன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போனான். காப்பீடு இல்லன்னா பேங்குக்காரன் மறுநாள் வாசல்ல நிப்பான். மேல இருந்தா மாடு சாவும், கீழ எறக்கினா நான் சாவணும்."

அப்பாவும் மகளும் டயர்களை மறுபடி குழிமேல் ஏற்றினார்கள். வடக்கிலிருந்து அடித்த காற்றில் பிளாஸ்டிக் படபடத்தது. நனைந்த டயர் ஒவ்வொன்றும் செத்த கன்றின் கனம். ஓரெஸ்ட் கை மாற்றிக் கொடுத்த ஒன்றிலிருந்து கம்பி லேஸ்யாவின் கையுறையைத் துளைத்தது. அவள் கையுறையைக் கழற்றி ரத்தத்தை வாயில் வைத்து உறிஞ்சினாள், அப்பாவைப் பார்க்கவில்லை. அவள் திட்டியிருந்தால் அவர் ஏதாவது வேடிக்கை சொல்லித் தப்பித்திருப்பார். அது அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு தொலைபேசி ஓரெஸ்ட்டின் கையோடு ஒட்டிக்கொண்டது. ஃப்ரீசன் எடுப்பாள். எப்போதும் எடுப்பாள், அதுதான் கொடுமை. எடுக்காதவளாக இருந்தால் திட்டியாவது தீர்க்கலாம்.

"உங்க கவல எங்களுக்கு நல்லாப் புரியுதுங்க, மிஸ்டர் டூபிக்."

"புரிஞ்சா எடுத்துக்கங்களேன்."

"அத எப்படி அணுகலாம்னு பாத்துக்கிட்டிருக்கோம்."

"அணுகறதுக்கு வழி நான் சொல்றேன். நெடுஞ்சாலையிலேருந்து எடது கைப்பக்கம் திரும்பணும், அஞ்சலகத்தத் தாண்டி."

"உங்க நகைச்சுவை உணர்ச்சியப் பாராட்டறேங்க."

கோபமாகப் பேச வேண்டும் என்று தீர்மானித்து ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். ஸ்டெஃபா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாரு செத்தது?" என்றாள். அன்றைக்கு எடுத்த எடுப்பில் கத்தினார். மாட்டைச் சாகடிக்கிறீங்க, வெக்கமா இல்லையா, எங்க காசை வாங்கி எங்க வயித்துலயே கம்பியக் குத்தறீங்களே என்று நன்றாகவே வந்தது. எதிர்முனையில் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்து, "அங்க பனி விழுதாம்மா?" என்று கேட்டுவிட்டார். வைத்த பிறகு தன் தலையிலேயே ஒரு போடு போட்டுக்கொண்டார்.

"கத்தினியே, என்ன சொன்னா?" என்றாள் ஸ்டெஃபா.

"அங்க இன்னும் பனி விழலயாம்."

"நீ சிரிச்சுச் சிரிச்சுப் பேசற. அதான் ஒருத்தரும் மதிக்கறதில்ல. ஒரு டயர எடுத்து அந்த ஆபீஸ் வாசல்ல போட்டுட்டு வந்திருந்தா இந்நேரம் வேலை நடந்திருக்கும்."

"போட்டா அதையும் கரைசேந்ததுன்னு திருப்பி அனுப்புவாங்க."

காலையில் பெட்ரோல் பங்க் காப்பிக் கடையில் ஆண்கள் கூடுகிற மேசையில் இதே பேச்சு. ஆளுக்கு ஒரு குழி, ஆளுக்கு ஒரு டயர் மலை. எல்மர் டோனட்டை நனைத்துக்கொண்டே சொன்னான். "பெட்ரோல ஊத்திக் கொளுத்து. தெற்குக் காத்து அடிக்கிற நாளாப் பாத்து. புகை அத்தனையும் ஆளில்லாத பக்கம் போயிடும்."

"புகை போயிடும். அவங்க வந்துடுவாங்க. கொளுத்தினா கண்டிப்பா வருவாங்க."

"வரட்டுமே. வரணும்னுதான ஒத்தக்கால்ல நிக்கற?"

மேசை குலுங்கியது. ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தது அவருக்கே புதுசாக இருந்தது. அந்த மேசையில் இருந்த ஒவ்வொருவன் வீட்டிலும் அவர் கையால் இறக்கிய டயர் இருக்கிறது. ஒவ்வொருவனும் மாட்டைப் புதைத்திருக்கிறான். யாரும் வெளியே சொல்வதில்லை. கம்பியைப் பிடித்துவைக்க மாட்டு வயிற்றுக்குள் காந்தம் வாங்கிப் போட்டுவிட்டு, வானத்தைத் திட்டிவிட்டு, டோனட் தின்கிறார்கள்.

"உன் வீட்டுல எத்தன போச்சு, எல்மர்?" என்று கேட்டார்.

எல்மர் காப்பியைக் கலக்கினான். ஸ்பூன் கோப்பையில் இடித்துக்கொண்டே இருந்தது. "விலை கூடப் போவுது இந்த மாசம், சினைமாடு," என்றான்.

சந்தைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாடுகளை ஏற்றிப்போக லாரிக்காரனிடம் லேஸ்யா சொல்லிவைத்தாள். கன்றுகளைப் பிரித்துக் கட்டினாள். ஓரெஸ்ட் வாலில் ஒட்டியிருந்த சாணியை வழித்து, விற்கப்போகிற மாட்டைக் குளிப்பாட்டினார். எதற்குக் குளிப்பாட்டுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அப்போதுதான் ஃப்ரீசன் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"மிஸ்டர் டூபிக், செவ்வாய்க்கிழம கூட்டம் இருக்குங்க. நல்ல சேதி வரும்போலத்தான் தெரியுது. அதுவரைக்கும் அவசரப்பட்டு எதுவும் பண்ணிடாதீங்க."

"சந்தை சனிக்கிழமம்மா. சனிக்கு அப்புறந்தான் செவ்வாய் வருது, எங்க ஊர்ல."

"நான் சொல்றதச் சொல்லிட்டேங்க. நம்பிக்கையோட இருங்க."

அவர் தொலைபேசியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு லேஸ்யாவிடம் சொன்னார். அவள் கையில் கயிறு. மறுமுனையில் கலீனா என்ற கறுப்புப் பசு. அவள் திரும்பி வந்த வருஷம் பிறந்த கன்று அது. பனிப்புயலில் சமையலறை அடுப்படியில் வைத்துப் பால் புகட்டி வளர்த்தாள். ஸ்டெஃபாவின் திரைச்சீலையை அன்றைக்கே தின்றது. இன்றைக்கும் லேஸ்யா குரல் கேட்டால் வேலியோரம் வந்து நிற்கும்.

"நீ என்னப்பா சொல்ற?"

"எடுப்பாங்கன்னுதான் தோணுது. இல்லன்னா அவளாக் கூப்புடுவாளா?"

லேஸ்யா கயிற்றை வேலியில் கட்டினாள். பிறகு லாரிக்காரனுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றாள். முகத்தில் ஒரு வெளிச்சம். கோடைக்குப் பிறகு ஓரெஸ்ட் அதைப் பார்க்கவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஸ்டெஃபா பெரோகி செய்தாள். உருளைக்கிழங்கு அடைத்தது, மேலே வெங்காயமும் புளித்த பாலேடும். கர்ட்டிஸ்கூட விழித்துக்கொண்டு வந்து சாப்பிட்டான்.

சனிக்கிழமை போயிற்று. செவ்வாய்க்கிழமை வந்தது, அதுவும் போயிற்று. புதன்கிழமை ஃப்ரீசன் எடுத்தாள். இன்னும் சில அம்சங்களைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது என்றாள். அந்த வாரமே கலீனா தீவனத்தை விட்டுவிட்டது.

கால்நடை மருத்துவர் மக்லியோட் சட்டைப்பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்து அதன் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தார். முள் துள்ளித் திரும்பியது. காந்தம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கோடையில் அந்த மாடு செத்ததுமே ஒவ்வொரு மாட்டுக்கும் விரல் பருமனில் ஒரு காந்தம் விழுங்கவைத்திருந்தார்கள், கம்பி வந்தால் பிடித்துவைத்துக்கொள்ளட்டும் என்று.

"காந்தம் இருக்குது. ஆனா நீளமான கம்பின்னா காந்தம் புடிச்சாலும் நுனி குத்தத்தான் செய்யும்," என்றார் மருத்துவர். காதில் குழாயை வைத்து இதயத்தைக் கேட்டார். முகம் மாறியது. "சளக்சளக்குன்னு கேக்குது. நீர் கோத்துருச்சு, லேஸ்யா."

"அறுத்து எடுக்க முடியாதா?"

"போன வாரம்னா ஒரு கை பாத்திருப்பேன்."

போன வாரம் எல்லோரும் நம்பிக்கையோடு இருந்தார்கள்.

மறுநாள் முதல் பனி விழுந்தது. கலீனா கொட்டிலில் செத்துக்கிடந்தது. செவலைப் பசு அதற்கு முன்பே செத்துப்போயிருந்தது. லேஸ்யா மருத்துவருக்குப் போன் செய்து, அறுத்துப் பார்க்க வேண்டும், எனக்குக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். ஓரெஸ்ட் ஃப்ரீசனுக்குப் போன் செய்தார். வேடிக்கை எதுவும் வரவில்லை. "வாங்க," என்றார். "வந்து நில்லுங்க."

அவள் வருவாள் என்று அவர் நினைக்கவில்லை. மத்தியானம் வாரியத்தின் பச்சை முத்திரை போட்ட கார் முற்றத்தில் வந்து நின்றது. இறங்கியவளின் காலில் நகரத்துக் காலணி. பனியில் புதைந்தது. ஓரெஸ்ட்டுக்கு இருந்த கோபத்தில் அவளை அப்படியே நிற்கவைத்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே போய் ஸ்டெஃபாவின் ரப்பர் பூட்ஸை எடுத்துவந்து அவள் முன்னால் போட்டார். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

மருத்துவர் கலீனாவின் விலாவைத் திறந்தார். குளிரில் ஆவி எழுந்தது. இதயத்தைச் சுற்றியிருந்த பை வீங்கி, கீறியதும் நாற்றமெடுத்த மஞ்சள் நீர் கொட்டியது. மருத்துவர் கையை உள்ளே விட்டுத் தடவிக் கண்டுபிடித்தார். காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, அதையும் மீறி நீண்டு, ஒரு கம்பி. ஓரெஸ்ட் இறக்கிய டயர்களில் எதில் இருந்தாவது வந்தது. லேஸ்யா அதைப் பனியில் துடைத்து ஃப்ரீசனிடம் நீட்டினாள்.

"புடிங்க."

ஃப்ரீசன் வாங்கிக்கொண்டாள். கையுறை இல்லாத கை.

"இத நான் மேலிடத்துக்குக் கட்டாயம் எடுத்துச் சொல்றேங்க. உங்க வலி..."

"நிறுத்தும்மா." ஓரெஸ்ட்டின் குரல் அவரே இதுவரை கேட்டிராத குரலாக இருந்தது. மருத்துவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "வலியும் வேணாம், புரியவும் வேணாம். உங்களுக்கு அம்மா அப்பா உண்டில்ல? அவங்ககிட்ட பேசற மாதிரிப் பேசுங்க. எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

ஃப்ரீசன் கம்பியைப் பார்த்தாள். பனி அவள் தலையில் விழுந்து கரைந்தது, தட்டிவிடவில்லை.

"மாட்டோம்," என்றாள்.

மருத்துவர் கத்தியைப் பனியில் வைத்தார்.

"இந்த வருஷமும் மாட்டோம், அடுத்த வருஷமும் மாட்டோம். உங்களத எடுத்தா எல்லாரோடதையும் எடுக்கணும். மாகாணம் பூரா குழிங்க இருக்குது. எடுத்தா இத்தன வருஷமா மறுசுழற்சி பண்ணிட்டோம்னு சொன்னதெல்லாம் பொய்னு ஆயிடும். அதனால யாரும் எடுக்க மாட்டாங்க. நான் இருந்தாலும் மாட்டாங்க, எனக்கு அப்புறம் வர்றவங்களும் மாட்டாங்க."

லேஸ்யா கலீனாவின் காதைப் பிடித்திருந்தாள். மஞ்சள் எண் வில்லை தொங்கும் காது. அதை மெல்ல விட்டாள்.

"இதையே சந்தைக்கு முன்னாடி சொல்லியிருந்தீங்கன்னா வித்திருப்பேன்," என்றாள். "உயிரோட வித்திருப்பேன். எவன் வீட்டுலயாவது நின்னு தின்னுக்கிட்டிருக்கும்."

ஓரெஸ்ட் தொப்பியைக் கழற்றினார். செத்த மாட்டுக்கு மரியாதையா, தலைக்குள் ஏறிய சூடா, அவருக்கே தெரியவில்லை. வழுக்கையில் பனி விழுந்தது.

"செவ்வாய்க்கிழம கூட்டத்துல என்னதான் சொன்னாங்க?" என்று கேட்டார். "ஒருத்தராவது பேசினாங்களா?"

"கூட்டம் நடந்துது," என்றாள் ஃப்ரீசன். "உங்க டயரு அதுல இல்லங்க. மாட்டோம்னு சொல்ல எனக்கு வாய் வரல. நான் மேல கேக்கவே இல்ல."